மயிலம்மாள் நட்ட ரம்புத்தான்

“உண்மையச் சொல்லுங்கண்ணே, மரத்துக்கு என்ன ஆச்சு?”

கேட்டுவிட்டு மோகனா, இலையெல்லாம் கருகிப் போன ரம்புத்தான் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். நல்லசாமி புல்வெட்டும் மெசினைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மந்தின் ஊரில் பாதி வீடுகளின் தோட்ட வேலை அவருடைய கான்ட்ராக்ட்தான். அவர் கை பட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும் என்று பெயர். அந்தப் பெயருக்கு இன்று இந்த வாசலில் வேட்டு வைத்தாகிவிட்டது.

“என் தப்புதாம்மா. லாலாங் புல்லுக்கு அடிச்ச மருந்து வேர்ல எறங்கிருச்சு.”

“இத்தன வருசமா அடிக்காத மருந்தா? எங்கம்மா நட்ட மரம்ணே! அப்பாவுக்கு இருந்த ஒரே தொண இதுதான்னு உங்களுக்குத் தெரியுந்தானே?”

தெரியும். மயிலம்மாளின் கருமாதியன்று, செனாவாங்கில் தன் வீட்டோடு வந்து இருக்கும்படி மோகனா அழுது கூப்பிட்டபோது, அவள் அப்பா இராஜமாணிக்கம் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அடித்துச் சொன்னார்: “இந்த மரம் நிக்கிற வரைக்கும் நான் இந்த வீட்ட விட்டு நகர மாட்டேன்.” அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் அவள் வந்து கூப்பிடுவாள். அவர் மரத்தைக் கைகாட்டிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

இன்று வாசல் நாற்காலியில் இருந்த அவர் பேப்பரைத் தொடவே இல்லை.

“விடு லா மோகனா. அவனத் திட்டி என்ன ஆவப் போவுது? மரம் போச்சு. இனிமே என்ன செய்யலாம்னு நீயே சொல்லு.”

மோகனா அப்பாவின் நாற்காலியருகே உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே உங்கள வா வான்னு தொந்தரவு பண்ண மாட்டேன்பா. நான் கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் மரத்துக்குக் கண்ணு பட்டுருச்சு போல. அம்மா போயிட்டாங்க, மரமும் போயிருச்சு. வீட்டையும் உங்ககிட்டேர்ந்து நான் பறிக்க மாட்டேன். உங்களுக்குன்னு வச்சிருந்த ரூம, கூட வேல செய்யிற பொண்ணு வாடகைக்குக் கேக்குது. குடுத்துர்றேன். அப்பத்தான் என் வாயும் அடங்கும்.”

இராஜமாணிக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சரிம்மா,” என்றார்.

மோகனா எழுந்து நல்லசாமியிடம் வந்தாள். “நீங்க இனிமே வர வேணாம்ணே. வேற ஆளு பாத்துக்கிறேன்.”

அவள் கார் முனை திரும்பி மறைந்தது.

நல்லசாமி மெசினை லோரியில் ஏற்றினார். வேலை போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காய்ப்புக்கும் முதல் கொத்தை மயிலம்மாள் அவர் கையில்தான் கொடுப்பார். அந்தக் கொத்துதான் கண்ணில் நின்றது. போக மனசில்லாமல் கிழவரிடம் திரும்பி வந்தார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஐயா, கூட்டிட்டுப் போம்மான்னு. சொல்லிருவீங்கன்னுதான் நானும் நின்னு பாத்தேன்.”

“அத்தன பேரு முன்னாடி வீராப்பாப் பேசுன வாயி நல்லசாமி, எப்புடி வரும்?” என்றார் இராஜமாணிக்கம். “குளிக்கிற ரூம்ல வழுக்கி விழுந்து விடிய விடியக் கெடந்தேன். அன்னையிலேர்ந்து தனியா இருக்கப் பயமா இருக்குய்யா. மரம் செத்துட்டா அவளே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவான்னு நம்பித்தான உன்ன மருந்து ஊத்தச் சொன்னேன்.”