செவுத்தப் பாத்த குடம்

"தாட்சா, என்னால முடியாது. வேற ஆளப் பாத்துக்க."

நாகேந்திரன் தோள்ல இருந்த துண்ட எடுத்துத் தரையில வீசினான்.

"இன்னாடா ஆச்சு?"

"எல்லாப் பெரியவங்க ஊட்டுக்கும் ரெண்டு நடை. பக்தவத்சலம் தாத்தா ஊட்டுக்கு மட்டும் அஞ்சு நடை. மனுசன் ஒண்டிக்கட்டை. தண்ணிய வெச்சு நீச்சல் அடிக்கிறாரா?"

தாட்சாயிணிக்கு சுர்ருனு ஏறிச்சு. அவளுக்கு ஏறறதுக்குப் பெருசா காரணம் எதுவும் வேணாம்.

தொண்ணூத்தி மூணு கோடை. சேக்காடு ஊரே காஞ்சு கெடந்துச்சு. தண்ணி லாரி வந்தா வயசானவங்க குடம்தான் முதல் வரிசை, ரொப்புன குடத்த ஊடு சேக்கறது பசங்க பொறுப்புன்னு தெருவோட சண்ட போட்டு வாங்கினதே அவதான். காலேஜுல ரெண்டாவது வருசம் படிக்கிறவ. செவுத்துல சாக்பீசால எழுதியும் வெச்சிருந்தா.

'அறுபது வயசுக்கு மேல முதல்ல. ஆளுக்கு ரெண்டு குடம். ஏமாத்துற ஊட்டுக்கு ஒரு மாசம் தண்ணி கெடையாது.'

கீழ ஏமாத்துனவங்க பேரு எழுத எடம் உட்டிருந்தா. இதுவரைக்கும் ஒருத்தர் பேரும் ஏறல.

காலைல ஊட்டு அண்டாவுல மொண்டு மொண்டு தலைக்கு ஊத்திக்கினு வந்திருந்தா. அந்த ஈரம் முதுகுல சொட்டச் சொட்ட, விடுவிடுன்னு வரிசைக்குப் போனா.

செவுத்தோரமா அஞ்சு எவர்சில்வர் குடம். பக்கத்துல பக்தவத்சலம் குந்திக்கினு இருந்தாரு. எல்லாருமே குடத்துக் கழுத்துல பேரு வெட்டி, அந்தப் பேரு ரோட்டப் பாத்து இருக்கற மாதிரிதான் வெப்பாங்க. இவரு வெச்ச அஞ்சும் செவுத்தப் பாத்துக்கினு இருந்துச்சு.

"இன்னா தாத்தா, தண்ணி யாவாரமா?"

"அதெல்லாம் இல்லம்மா."

பின்வரிசையிலேர்ந்து வடிவு கொரல் குடுத்தா. "நானே பாத்தேன்டீ. சாயங்காலம் ஆனா சைக்கிள்ல குடத்தக் கட்டிக்கினு கெளம்பறாரு. டீக்கடைக்குத்தான் ஊத்தறாரு!"

"ஃபேக்டரில வேல பாத்து பென்ஷன் வாங்கறீங்க. அது பத்தலயா? குடத்தத் திருப்புங்க."

அவரு திருப்பல. அவளே திருப்புனா. முதல் ரெண்டும் அவரோடது. மூணாவது?

"பார்வதம்!" தெருவுக்கே கேக்கப் படிச்சா.

"அது கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குப் போற பொண்ணும்மா. ஆறரைக்கே பஸ் ஏறுது. லாரி வரதோ ஏழு மணிக்கு."

"இது பெரியவங்க வரிசை தாத்தா. எழுதுடா நாகா."

நாகேந்திரன் செவுத்துல எழுதினான்.

நாலாவது. "ஜமீலா!"

"புள்ள பெத்து இருபது நாளுதான் ஆவுது. ஊட்டுக்காரன் லோடு ஏத்திக்கினு வெளியூரு போயிட்டான்."

"பாவம்தான். அதுக்காக இன்னொரு வயசானவங்க தண்ணியவா குடுப்பீங்க? எழுதுடா."

அஞ்சாவது குடத்துக்குக் கை நீட்டுனா. பக்தவத்சலம் குறுக்கால கால நீட்டிட்டாரு.

"இத மட்டும் உட்டுடு கண்ணு."

"ஏன், மந்திரி ஊட்டுக் குடமா?"

"அந்தம்மாவுக்கு முட்டி போயிடுச்சும்மா. குடத்தத் தூக்கி இடுப்புல வெக்க முடியல."

"புள்ளைங்க யாரும் இல்லியா?"

"ஒரு பொண்ணு கீது."

"எத்தன வயசு?"

தாத்தா கொஞ்சம் முழிச்சாரு. "ஒன் வயசுதான்."

"குத்துக்கல்லு மாதிரி ஒருத்தி இருக்கறப்ப அறுபத்தஞ்சு வயசு மனுசன் தண்ணி சொமக்கறீங்க? அந்த மவராணி இன்னா பண்றா?"

"அதுக்கு வேற வேல கீதும்மா. நல்ல வேலதான். தன் வலி பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு அந்தம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிகிச்சு."

"நல்ல வேலயா! பெத்தவளுக்கு ஒரு குடம் தூக்க முடியாதவளுக்கு நல்ல வேல ஒரு கேடா? பேரு ஏறட்டும் தாத்தா. தெருவே காறித் துப்புனாதான் அவளுக்கெல்லாம் புத்தி வரும்."

குடத்த வெடுக்குனு இழுத்துத் திருப்புனா.

படிச்சா. குடத்த மறுபடி செவுத்துப் பக்கமே திருப்பிட்டா.

"யாருதுடீ?" வடிவு உடல. "மத்த ரெண்டையும் ஊருக்கே கேக்கற மாதிரி படிச்ச? இப்ப நாக்கு ஒட்டிக்கிச்சா?"

பக்தவத்சலம் முட்டிய ஊனிக்கினு அவசரமா எழுந்தாரு.

"அதுல பேரே இல்ல வடிவு. அதுவும் என்னுதுதான். மூணு வெச்சது என் தப்பு. நாகா, என் பேர எழுதிக்கப்பா."

நாகேந்திரன் சாக்பீசத் தூக்குனான்.

"குடுடா இங்க."

தாட்சாயிணி அத வாங்குனா. தாவணித் தலைப்பால பார்வதம் பேர அழிச்சா. ஜமீலா பேர அழிச்சா. ஈரம் இன்னும் முதுகுல சொட்டிக்கினேதான் இருந்துச்சு.

வடிவுக்கும் அவளுக்குப் பின்னால நின்ன கடைசி ஆளுக்கும் தெரியற மாதிரி, கொட்டை எழுத்துல ஒரே ஒரு பேரு எழுதுனா.

'தாட்சாயிணி.'