ஆள் இருக்கா?

திரையில், தன்னைக் கற்பனை செய்த சிறுமியே மறந்துவிட்டதால், குடை போல வால் விரிந்த பூனை காலிலிருந்து மெல்லக் கரைந்துகொண்டிருக்கிறது. நீல வெளிச்சத்தில் அரங்கமே மூக்கை உறிஞ்சுகிறது. தாமதமாக வந்த ஒருவர் குனிந்து, "இங்க ஆள் இருக்கா?" என்று, படம் பார்க்க வந்த தையற்காரரின் மகளுக்கு அடுத்த நாற்காலியைக் காட்டுகிறார். தையற்காரரின் கண் பழக்கதோஷத்தில் வந்தவரின் இடுப்பை அளக்கிறது, பெரிய இடுப்பு. "அப்பா, அங்க என் ஃப்ரெண்டு ஜிங்கு உக்காந்திருக்கான். இவர் உக்காந்தா அவனும் அந்தப் பூனை மாதிரி போயிடுவான்!" மகளின் குரல் உடைகிறது. "சும்மா இரும்மா, அங்க யாரு இருக்கா?" என்று அதட்டத் திரும்புகிறார் தையற்காரர். ஆள் எழுந்தால் பட்டென்று மடிந்துகொள்ளும் நாற்காலி அது. இப்போது விரிந்து கிடக்கிறது. ஒரு விரலால் தூக்கிப் பார்க்கிறார், அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்குகிறார், ம்ஹூம். ஸ்பிரிங் போயிருக்குமோ? பேந்தப் பேந்த விழிக்கிறார். "என்ன சார், ஆள் இருக்கா, இல்லையா?" என்கிறார் வந்தவர். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று நாற்காலிப் பக்கம் குனிகிறார் தையற்காரர்.