இடப்பக்கம்

வலப்பக்கத்தில் தப்பு எதுவும் இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தாள். எஞ்சினின் மூடியான சிலிண்டர் ஹெட்டை இறக்கித் துணிமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவே வைக்கிற ஓட்டைத் தகடு, கேஸ்கெட், எஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓட்டைகள் எல்லாம் திறந்திருந்தன. ஒன்றுகூட விலகவில்லை.

அது அவள் கணவர் போட்ட பக்கம்.

அவர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது.

எட்டு சிலிண்டர். பக்கத்துக்கு நான்கு. பதினோரு வருடத்துக்கு முன் இந்த எஞ்சினைச் சேர்த்தபோது வலது அவருக்கு, இடது அவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

அவர் நூல் வியாபாரி. பாடிக்கொண்டே போல்ட் முடுக்குகிற ஆள். அவள் பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருடம் ஒர்க்‌ஷாப் வகுப்பு எடுத்தவள். அதனால், முதல் மலையேற்றத்திலேயே கார் கொதித்தபோது எந்தப் பக்கத்தில் தப்பு என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவளுக்கும்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு பழைய கார்க்காரர்கள் எல்லாரும் கோத்தகிரிக்கு ஏறுவார்கள். நீண்ட மூக்கும் இரண்டே கதவுமாக இந்த அமெரிக்கக் கார், மேட்டுப்பாளையம் வரை அத்தனை பேரையும் முந்தும். பாதி மலையில் ஓரங்கட்டி ஆவி விடும்.

“தெய்வசிகாமணியண்ணன் இட்லி ஊத்தீட்டாருங்க! சட்னி வெச்சிருக்கறவங்க நிறுத்துங்கோவ்!”

கூட ஏறுகிற சென்னியப்பன் வருடம் தவறாமல் அதையே சொல்வார். வருடம் தவறாமல் எல்லாரும் சிரிப்பார்கள்.

அவரும் சிரிப்பார். “வலப்பக்கம் நம்ம கைவேலைங்க. இடப்பக்கம் வாத்தியாரம்மா. அங்க தப்பு வருமா?”

அவள் மறுத்ததில்லை.

ரேடியேட்டரை இரண்டு முறை மாற்றினார்கள். தண்ணீர் பம்ப்பை ஒரு முறை.

பிறகு ஒரு நாள் அவர் கேட்டார்.

“அம்மிணி, ரெண்டு பக்கமும் எறக்கிப் பாத்துரலாமா?”

“எம்பக்கம் எதுக்குங்க? உங்க பக்கத்த எறக்குங்க. ஆனா, மறுபடியும் நீங்கதான போடுவீங்க.”

அவர் அதற்கும் சிரித்தார். அப்புறம் கேட்கவில்லை.

இப்போது இடப்பக்கத்தைத் திறக்க அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள்.

வேலை அரை நாள்தான்.

நான்காம் நாள் காலை. கப்பிச் சங்கிலியை இழுக்க இழுக்க ஹெட் மெல்ல மேலே வந்தது. அடியில், கேஸ்கெட்மேல், அந்த எழுத்து.

கேஸ்கெட்டின் ஒரு முனையில் ‘முன்பக்கம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அந்த முனை முன்னாலிருக்கும் ரேடியேட்டரைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சுத் தகடு என்பதால், இடப்பக்கத்தில் அப்படி வைத்தால் எழுத்து அடியில் போய்விடும். எழுத்து கண்ணுக்குத் தெரிவதுதான் முறை என்று அன்றைக்கு அவள் நினைத்தாள். தெரியும்படி திருப்பி வைத்தாள்.

முன்பக்கம் பின்னால் போயிற்று. தண்ணீர் பாய வேண்டிய வழிகளைத் தகடு மூடிக்கொண்டது.

அவர் எழுத்தைப் படித்தே இருக்க மாட்டார். ஓட்டைக்கு ஓட்டை பொருந்துகிறதா என்று பார்த்திருப்பார். வைத்திருப்பார்.

அவள் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினாள்.

புதுக் கேஸ்கெட்டைச் சரியாக வைத்து மூடினாள். ஜனவரியில் கார் மலை ஏறியது.

“தனியா ஏற வேண்டாங்கக்கா” என்று சென்னியப்பன் தன் வண்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு கேனில் தண்ணீரும் எடுத்து வந்திருந்தார்.

வளைவுகள் வந்தன, போயின. சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்து நின்றது. அப்புறம் அசையவில்லை. வழக்கமாக ஓரங்கட்டுகிற இடம் ஜன்னலுக்கு வெளியே கடந்து போனது.

சென்னியப்பன் கேனைக் காலடியில் இறக்கி வைத்தார்.

“சாதிச்சுட்டீங்கக்கா. தப்பு அண்ணன் பக்கந்தானுங்களே?”

“இல்லீங்க. எம்பக்கம்.”

 சென்னியப்பன் மெதுவாகச் சிரித்தார். அவளுக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துச் சிரித்த சிரிப்பு.

“போன மனுசன விட்டுக் குடுக்க மாட்டீங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?”

“நெசமாத்தான் சொல்றேன். கேஸ்கெட்டத் திருப்பிப் போட்டது நானு.”

“செரிங்கக்கா, செரி. மேல போயும் அப்படியே சொல்லுங்க. எல்லாரும் நம்பிக்குவோம்.”

மேலே எல்லாரும் காத்திருந்தார்கள். இந்தக் கார் நிற்காமல் வருவதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் டீ குடிக்கக்கூடப் போகவில்லையாம். மருமகன் இரண்டு முறை போன் பண்ணிவிட்டான்.

இன்னும் நான்கு வளைவு.

தேயிலை லாரிகள் ஒதுங்குவதற்காக ரோடு அகன்றிருந்த ஓர் இடத்தில் அவள் வேகத்தைக் குறைத்தாள். முன்னால் விட்டு, பின்னால் எடுத்து, நீண்ட மூக்கை இறங்கும் பக்கம் திருப்பினாள்.

“ஏனுங்கக்கா, சூடாயிருச்சா?”

“இல்லீங்க. அந்தக் கேஸ்கெட்டு காரமடையில, வூட்டு மேசமேல இருக்குது. எடுத்துக்கிட்டு வந்து எல்லாருக்கும் காட்டலாம்.”

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“மறுபடி மொதல்ல இருந்து ஏறோணுமேங்க.”

“ஏறும்” என்றாள்.