துக்க வீட்டுக் கரண்ட்

மின் கூட்டுறவுச் சங்கத்தில் யாராவது இறந்துபோனால், தெருவே தன் பங்குக் கரண்ட்டைத் துக்க வீட்டின் ஐஸ்பெட்டிக்கு விட்டுக்கொடுத்துவிடும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை மற்ற வீடுகளில் விளக்குகூட எரியாது.

ஆவுடையப்பனின் மனைவி பூரணம் இறந்தபோது வாரக்கணக்காக, சங்கத்துக்குக் கரண்ட் தரும் வெயிலும் இல்லை, காற்றாலைகளும் சுற்றவில்லை. சங்கத்தின் பேட்டரியில் மிச்சமிருந்ததெல்லாம் அவள் பெட்டிக்குள் குளிராக இறங்கிக்கொண்டிருந்தது. மகன் கத்தாரிலிருந்து நாளைதான் வருவான்.

பக்கத்து வீட்டு இசக்கி கடுங்காப்பி கொண்டுவந்தாள். அவளுடைய மகள் மூச்சு மிஷினில் இருக்கிறவள்.

“புள்ளைக்கு மிஷின் ஓடுதாம்மா?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“நிறுத்தியாச்சு அண்ணாச்சி. இழுத்துக்கிட்டுதான் கிடக்கா. ஊரே கொடுக்கும்போது நாங்க மட்டும் கொடுக்காம இருக்க முடியுமா?”

“கிறுக்கச்சி. போய் மிஷினைப் போடு. நான் பெட்டியை அணைச்சிருதேன்.”

“அணைச்சாலும் மிச்சக் கரண்ட்டு மிஷினுக்கு நாளை வரைக்கும்தான் வரும். அப்புறம் வெயிலுக்கு எங்க போக?” அவள் டம்ளரை அவர் கையில் வைத்தாள். “தம்பி வந்து பாத்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்பிராதீங்க. எம் புள்ள முகத்தைப் பாக்க அவ அப்பாவும் துபாய்லருந்து வரணும்லா.”

அவள் போனதும் அவர் பெட்டியை அணைத்தார். கரண்ட்டை இசக்கி வீட்டுக்குத் திருப்பும்படி சங்கத்துக்குச் சொன்னார். பிறகு, இன்னும் சில்லென்றிருந்த கண்ணாடி மூடியில் ஒரு கையை வைத்தபடி மகனை அழைத்தார்.

“அம்மாவை எடுத்தாச்சுலே,” என்றார். “நீ மெதுவா வா.”