நாள் குறிக்காத கல்யாணம்

"மண்டபக்காரர் மறுபடியும் கூப்பிட்டுட்டார். பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு தேதி சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கணவர் உதட்டைப் பிதுக்கினார். "தேர்தல் எப்ப வேணா வரும். வந்துட்டா எனக்குத் தலையைச் சொறியக்கூட நேரமிருக்காது."

"நாடாளுமன்றம் அஞ்சு வருஷமும் முழுசா நடக்கணும்னு சட்டத்தைத் திருத்தச் சொல்றாங்களே? அது வந்தா தேர்தல் தேதி முன்னாடியே தெரிஞ்சிடும். நாமளும் நிம்மதியா நாள் குறிக்கலாம்."

"அது நிறைவேறாது."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நாடாளுமன்றத்தைக் கலைக்கப்போற பிரதமரே நீங்கதானே! உங்களுக்கே தேதி தெரியாதா?"

பிரதமர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"எனக்குத் தெரியும். ஆனா கல்யாணத்துக்கு நாள் சொன்னா, அப்ப தேர்தல் இல்லைன்னு சம்பந்தி கணக்குப் போட்டுடுவாரே! எதிர்க்கட்சித் தலைவர் வீட்டுல சம்பந்தம் பேசினது நீதானே?"