நின்னுக்கறேம்மா

"இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேம்மா."

முதலாளியம்மா தீவனச் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க நிக்கப் போற?"

"வேலையை விட்டும்மா."

இப்போது தூக்கினார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவரைக் கோழிப்பண்ணையில் எல்லோரும் 'விளக்கு அக்கா' என்பார்கள். எழுபது வயது. ஒவ்வொரு முட்டையையும் விளக்கின் மேல் சுழற்றிப் பார்த்து, விரிசல் விட்டதையும் ரத்தப் பொட்டு விழுந்ததையும் ஒதுக்கி வைப்பது அவர் வேலை. நாற்பத்தாறு வருடமாக அதே கூடம், அதே முக்காலி.

பக்கத்து மேஜையில் புது மேனேஜர் காதைத் தீட்டிக்கொண்டார். நகரத்தில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே சேர்ந்து நான்கே நாள். சேர்ந்த அன்றே முதலாளியம்மா அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்தக் கேட்டுக்குள்ள வந்துட்டா சொந்தம், சிநேகம் எல்லாம் வெளியில. என் பையனே வந்தாலும் கையைக் கழுவிட்டுத்தான் ஷெட்டுக்குள்ள போகணும்."

"ஏன், கண்ணு தெரியலையா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. எங்க அம்மாவைப் பார்த்துக்கணும். வயசாயிடுச்சு."

"என்ன வயசு?"

"உங்க வயசுதான்."

"என் வயசுக்காரிக்கு எதுக்கு ஆளு? எண்பத்தொன்பதுல நான் நடக்கலையா? விடிஞ்சதும் நாலு ஷெட்டையும் சுத்திட்டு வரலையா?"

"நீங்க சுத்துவீங்க. அவங்க போன வாரம் குளிக்கற இடத்துல வழுக்கி விழுந்தாங்க. யார்கிட்டயும் மூச்சு விடலை."

"அப்புறம் உனக்கு எப்படித் தெரியும்?"

"முழங்கை கத்தரிக்காய் மாதிரி கன்னிப் போயிருந்துச்சே. கேட்டா, கதவு இடிச்சிடுச்சுன்னு சாதிக்கறாங்க."

முதலாளியம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"முடியாதவளா, திமிர் பிடிச்சவளா?"

"திமிர்தாம்மா." விளக்கு அக்கா சிரிக்காமல் சொன்னார். "மாத்திரையை வாயில போட்டுக்குவாங்க. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் பூந்தொட்டியில துப்பிடுவாங்க. இப்ப அந்தச் செடிக்கு ரத்தக் கொதிப்பே கிடையாது."

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உனக்குத் தம்பி இருக்கானே?"

"டவுன்ல இருக்கான். வாம்மா, வாம்மான்னு கூப்பிட்டு அவனுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்."

"வீட்டுல உட்கார வச்சுப் பொறுமையாப் பேசிப் பார்க்கறது."

"பேச்செடுத்தாலே எழுந்து போயிடறாங்க. அதான் இங்க வந்து உங்ககிட்டச் சொல்றேன்."

முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்தார். குரல் ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அழுத்தமாக வந்தது.

"புருஷன் கண்ணை மூடினப்ப எனக்கு இருபத்திரண்டு. இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு, கொல்லையில பதினோரு கோழி. முட்டையைக் கூடையில வச்சு எட்டு மைல் நடந்து வித்தேன். கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்துல மூவாயிரம் கோழி செத்துச்சு. குழி வெட்டிப் புதைச்சிட்டு மறுநாளே புதுக் குஞ்சுக்குச் சொல்லி அனுப்பினேன். புயல்ல கூரை பறந்துச்சு. நனைஞ்சுக்கிட்டே தீவனம் வச்சேன். ஒரு நாளாவது நின்னுருப்பேனா?"

"நிக்கலைம்மா. உங்களைப் பார்த்துத்தான் நானும் நிக்கலை. இப்ப பயமா இருக்கு. கையில முட்டை இருக்கு, நினைப்பெல்லாம் அவங்க மேல. எங்க ஏறறாங்களோ, எங்க விழறாங்களோன்னு. நேத்து விரிசல் விட்டது நாலு தப்பிப் போயிடுச்சு. எனக்கு இது வரைக்கும் அப்படி ஆனதே இல்லை."

"நீ வீட்டுல உட்கார்ந்துட்டா மட்டும் அவ அடங்கிடுவாளா?"

"நான் ஓடறதைப் பார்த்துத்தான் அவங்களும் ஓடறாங்க. நான் உட்கார்ந்தா, பக்கத்துல வந்து உட்காருவாங்க. அந்த ஒரு ஆசைதான்."

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டார்.

"அம்மா, நான் புதுசு. இருந்தாலும் சொல்றேன். பெத்த தாயைப் பார்த்துக்கணும்னு கேட்கறாங்க. அதுக்குமா இத்தனை கேள்வி? நாப்பத்தாறு வருஷத்துல ஒரு நாளாவது லீவு எடுத்திருப்பாங்களா?"

இந்த நான்கு நாளில் முதலாளியம்மாவை எதிர்த்து யாரும் பேசி மேனேஜர் கேட்டதில்லை. தன் வேலை போய்விட்டது என்றே நினைத்தார்.

"எடுக்கலை, தம்பி. நான் குடுக்கலை."

சொல்லிவிட்டு முதலாளியம்மா விளக்கு அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் முட்டிகள் வீங்கி, நகங்கள் தேய்ந்துபோன கைகள்.

"உனக்கு எழுபதா ஆச்சு?"

"போன மாசத்தோட."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்கலையேம்மா."

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. ஆட்கள் முட்டை அட்டைகளை ஏற்றத் தொடங்கினார்கள். எப்போதும் லாரிச் சத்தம் கேட்டதுமே ஜன்னலுக்குப் போய்விடும் முதலாளியம்மா இன்று அசையவில்லை.

"எழுதுங்க, தம்பி. ஒண்ணாம் தேதியிலிருந்து நின்னுக்கறான்னு."

மேனேஜர் சந்தோஷமாக எழுதினார். "காரணம் என்னன்னு போடட்டுமாம்மா?"

"அவ அம்மா, சொன்ன பேச்சைக் கேட்கறதில்லைன்னு போடுங்க."

விளக்கு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

முதலாளியம்மா கையெழுத்துப் போட்டார். நாற்காலியின் பிடியை அழுத்தி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு முறை முயன்று உட்கார்ந்துவிட்டார். பிறகு, மேனேஜர் பார்க்கிறாரே என்று கூட நினைக்காமல், விளக்கு அக்காவை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஒண்ணாம் தேதி வரைக்கும் எதுக்குடி காத்திருக்கணும்? உன்னைப் பெத்தவளுக்குக் கையைக் குடு, எழுந்திருக்கணும்."