கையை எடுக்காதீங்க சார்!

மேசைமேல் ஏழு பொட்டலம் வெள்ளைப் பொடி. பக்கத்தில் ஒரு பிளேடு, காய்ந்த இலைக் கட்டு ஒன்று.

"எத்தன நாளா நடக்குது இது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சீனிச்சாமி.

"மூணு வருசமா சார். கம்பத்துல மட்டும் நாப்பது பேரு இதுக்கு அடிமையாக் கெடக்காக" என்றாள் அப்ரின்.

கேரள எல்லைக்கு ஏறும் மலைப்பாதை தொடங்கும் இடத்துச் சோதனைச்சாவடி அது. காலை ஆறரை மணி. குமுளிக்குப் போய்க்கொண்டிருந்தவளின் ஸ்கூட்டரை நிறுத்தி, பையை மேசையில் கொட்டியிருந்தார்கள்.

ஏட்டு கருத்தக்கண்ணன் பையின் அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். மேலே இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததும் முகம் வெளிறியது. "அய்யா... கன்னு!"

இரண்டு காவலர்கள் சுவர்வரைக்கும் பின்வாங்கினார்கள்.

"அது ஹீட் கன்னு ஏட்டய்யா. சூடான காத்து ஊதும், அம்புட்டுதான். நான் ஆர்ட் ஜர்னல் டீச்சரு. பழைய பேப்பரு, டிக்கெட்டு, இலை, போட்டோ எல்லாத்தையும் ஒரு நோட்டுல ஒட்டி, பெயின்ட் அடிச்சு, மனசுல உள்ளத எழுதி வைப்போம். இந்தப் பொடி படத்த மினுங்க வைக்கிறதுக்கு."

"யாருக்குக் காது குத்துற? நோட்டுல குப்பைய ஒட்டுறதுக்கு ஒரு டீச்சரா?"

"செஞ்சே காட்டுறேன் சார். ப்ளக் பாயின்ட் எங்கன இருக்கு?"

இருந்தது ஒன்றே ஒன்று. அதில் சாலையைக் காட்டும் கண்காணிப்புக் கேமரா திரையின் ஒயர் செருகியிருந்தது. ஏட்டு அதைப் பிடுங்கிவிட்டுக் கன்னைச் செருகினார்.

அப்ரின் ஒரு மயில் அச்சைப் பிசுபிசுப்பான மையில் தொட்டு, பழைய அபராதச் செலான் ஒன்றின் முதுகில் குத்தினாள். பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினாள். பொடி உருகி, வெள்ளை மயில் தாளைவிட்டு உப்பி எழுந்தது.

"ஆத்தாடி!" என்றார் ஏட்டு. பிறகு மெதுவாக, "நானும் ஒண்ணு குத்திப் பாக்கவா?" என்றார்.

பத்து நிமிஷத்தில் நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தொப்பிகள் தரையில் கிடந்தன.

"கத்தரி வேணாம் சார், கையாலயே கிழிங்க. ஓரம் பிசிறா இருந்தாத்தான் அழகு."

இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு தாளைக்கூடக் கிழித்தறியாத சீனிச்சாமி, முதலில் பயந்து பயந்து கிழித்தார். அப்புறம் ஒரு செலான் புத்தகமே காலியானது. ஏட்டு தன் பர்ஸிலிருந்து வளர்ப்புக் கிடாயின் போட்டோவை எடுத்து ஒட்டி, 'தேடப்படும் குற்றவாளி' நோட்டீஸிலிருந்த மீசையைக் கிழித்து அதற்கு வைத்தார். காவலர்கள் கைதட்டினார்கள்.

சீனிச்சாமியின் பர்ஸில் இருந்தது மகளின் போட்டோ.

"நாளன்னிக்கு இவளுக்கு நிச்சயம்" என்றார், பசை தடவிக்கொண்டே. "கொச்சியில ஏதோ டிசைன் படிப்பாம். சீட்டு கெடச்சிருச்சு, போறேன்னு ஒரே அழுக. வீட்டுல அவுக அம்மாவக் காவலுக்கு வச்சுட்டுத்தான் டூட்டிக்கு வந்தேன். இவளும் இப்படித்தாம்மா, எந்நேரமும் கிழிச்சு ஒட்டிக்கிட்டே கெடப்பா. எல்லா நோட்டையும் பிடுங்கிப் பரண்ல போட்டுட்டேன்."

"பேரு என்ன சார்?"

"திரிஷா."

வெளியே ஹாரன் அலறியது. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. "பொம்பளையாளுக வேலைக்கு நேரமாச்சு, வந்து பாருங்கய்யா!" என்று ஒரு டிரைவர் கத்தினார்.

சீனிச்சாமி எழுந்தார்.

"கையை எடுக்காதீங்க சார்!" அப்ரின் பதறினாள். "பசை காயல. இப்ப எடுத்தீகன்னா பாப்பா மூஞ்சி உரிஞ்சு வந்துரும். நாலு பேரும் அப்படியே அமுக்கிப் பிடிங்க."

சீனிச்சாமி உட்கார்ந்தார். நான்கு உள்ளங்கைகளும் தாள்களை அழுத்தின. கழுத்தைக்கூடத் திருப்பாமல் சீனிச்சாமி குரல் கொடுத்தார்: "தோட்டத்து ஜீப்புதான, நீங்களே கம்பியத் தூக்கிட்டுப் போங்கய்யா!"

டிரைவரே இறங்கிவந்து தடுப்புக் கம்பியைத் தூக்கினார். தலையில் துண்டைச் சுற்றிய பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஏழு ஜீப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக மலையேறிப் போயின. கடைசி ஜீப்பில் ஒருத்தி மட்டும் முகத்தையும் சேர்த்து மூடியிருந்தாள்.

அரைமணி நேரம் கழித்துத்தான் அப்ரின் கையை எடுக்கச் சொன்னாள்.

கிழிந்த செலான்களுக்கும் காய்ந்த ஏல இலைகளுக்கும் நடுவில் திரிஷா சிரித்துக்கொண்டிருந்தாள். சீனிச்சாமி ரொம்ப நேரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இதுல இம்புட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா. சாயங்காலம் பரண்ல இருந்து அவ நோட்ட எல்லாம் எடுத்துக் குடுத்துர்றேன்."

அப்ரின் பொட்டலங்களைப் பையில் அடுக்கினாள். அவளுடைய போன் ஒருமுறை சிணுங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"மேல எடம் காலியா இருக்கே, என்னமும் எழுதணுமோ?" சீனிச்சாமி தங்க நிறப் பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்ந்தார்.

"'அப்பா, நான் எல்லையத் தாண்டிட்டேன்'னு எழுதுங்க சார்."